கடலூர் மணலில் ஓர் அழுகை... உலகம் சுற்றிய அந்தப் படமும், சிதம்பரம் சொல்லும் விடையும்!

மணலில் ஒரு பெண் கவிழ்ந்து கிடக்கிறார். கைகள் விரிந்திருக்கின்றன. உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்கின்றன. போட்டோவில் சத்தம் வராது. ஆனாலும் அந்தக் கதறல் கேட்கிறது. படத்தின் ஓரத்தில், இறந்துபோன ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. முகம் இல்லை, உடம்பு இல்லை. வேறு எதுவுமே இல்லை.

2004 டிசம்பர் 28-ம் தேதி கடலூரில் எடுக்கப்பட்ட படம் அது. சுனாமி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எடுத்தவர், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா. சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்த பெண் என்கிறது படக்குறிப்பு. அவர் பெயர் இங்கே வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குப் பிறகு வருவோம்.

நெதர்லாந்தில் 1955-ம் ஆண்டு தொடங்கிய 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' என்ற அமைப்பு, ஒவ்வோர் ஆண்டும் உலகத்தின் சிறந்த செய்திப் படங்களைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த முறை 120-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 4,000-க்கும் அதிகமான போட்டோகிராபர்கள், 69,000-க்கும் அதிகமான படங்களை அனுப்பியிருந்தார்கள். பல நாட்டு நடுவர்கள் உட்கார்ந்து, அத்தனையிலும் ஒன்றை '2004-ம் ஆண்டின் படம்' என்று எடுத்தார்கள். 2005 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அறிவிப்பு வந்தது. கடலூர் மணலில் அழுத அந்தப் பெண்ணின் படம்தான் அது.

பரிசு பெற்ற படங்களைப் பெரிய அளவில் பிரின்ட் போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அருங்காட்சியகமோ, பல்கலைக்கழகமோ, நூலகமோ இடம் கொடுக்கும். பல பத்து நாடுகள் கைகோத்து நடத்தும் பயணக் கண்காட்சி இது. வங்காள விரிகுடாவின் கரையில் நடந்த ஓர் இழவு இப்படித்தான் சட்டம் போட்டு, லைட் போட்டு, சுவரில் மாட்டப்பட்டு ஊர் சுற்றியது.

கடலூர் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர், கோட்டும் குளிர்க் குல்லாயுமாக வந்து அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார். அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, அவர் பாஷை தெரியாது. தொண்டை அடைக்கிறது. எப்படி?

பதிலைத் தேடி ஆம்ஸ்டர்டாம் போக வேண்டாம். கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் சிதம்பரம்.

பௌர்ணமி ஞாயிறு

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. மார்கழித் திருவாதிரைச் சமயம், சிதம்பரத்தில் நடராஜர் தரிசனத்துக்குக் கூட்டம் கூடும் காலம். காலை எட்டரை மணியை ஒட்டிக் கடல் உள்ளே வந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், புதுக்குப்பம், சாமியார்பேட்டை, பிச்சாவரம் பக்கத்தில் எம்.ஜி.ஆர் திட்டு என்று கரையோரம் முழுக்க அடி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எம்.ஜி.ஆர் திட்டில் மிச்சமிருந்தவர்கள் பிறகு தீவை விட்டே வெளியேறி, உள்ளே தள்ளிக் குடியேறினார்கள்.

அடுத்த சில நாள்களில் உலகத்தின் கேமராக்கள் எல்லாம் இந்தக் கரைக்கு வந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் படங்கள் எடுக்கப்பட்டன. இடிந்த வீடு, கவிழ்ந்த படகு, வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்கள். மற்ற பல படங்கள் மறந்துபோக, இந்த ஒன்று நிற்கிறது. இதில் இடிந்த வீடு இல்லை, கடல்கூட இல்லை. ஓர் உடம்பு அழுகிறது, அவ்வளவுதான்.

கோபுரச் சுவரில் உடம்பின் பாடம்

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. செருப்பை எங்கே விட்டோம், அர்ச்சனைத் தட்டு எங்கே என்ற கவலை. நிமிர்ந்தால், இரண்டு பக்கச் சுவர்களிலும் தூண் மாதிரி எழும் பகுதிகளில், கட்டம் கட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக நடனப் பெண்கள். பக்கத்திலேயே சின்னதாகத் தாளமும் மத்தளமும் வாசிக்கிறவர்கள். இவைதான் 108 கரணங்கள். நான்கு கோபுரங்களிலும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும், எந்தச் சிற்பம் எந்தக் கரணம் என்பதற்கு நாட்டிய சாஸ்திரத்தின் சுலோகங்களையே கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே 'கேப்ஷன்' போடும் வழக்கம் இன்ஸ்டாகிராமில் தொடங்கவில்லை!

1914-ல் சென்னைக் கல்வெட்டுத் துறையின் அறிக்கை இவற்றைப் படங்களோடு வெளியிட்டது. 1936-ல் 'தாண்டவ லட்சணம்' என்ற ஆங்கில நூல் வந்தது. பிறகு நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கரணம் என்பது நின்றபடி கொடுக்கும் போஸ் இல்லை, ஓர் அசைவு. சிற்பி அந்த அசைவின் ஒரு கணத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். கேமரா செய்வதும் இதேதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கரணங்களைச் சொல்வது நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம். உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுவது ஆறும் ஏழும். ஆகவே 'கோபுரத்தில் நவரசமும் இருக்கிறது' என்று சில யூடியூப் வீடியோக்கள் சொல்வது கொஞ்சம் அவசரப் பேச்சு. கோபுரத்தில் இருப்பது உடம்பின் எழுத்து வரிசை. அதை வைத்து எந்த உணர்ச்சியை எழுதுவது என்பது அடுத்த பாடம்.

அந்த அடுத்த பாடத்துக்குத் தமிழில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. மெய்ப்பாடு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் இதற்கென்றே தனி இயல். மெய் என்றால் உடம்பு, படுதல் என்றால் தோன்றுதல். உள்ளே நடப்பது உடம்பில் வந்து தெரிவதுதான் மெய்ப்பாடு. அழுகை, அச்சம், வெகுளி, உவகை, நகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்று எட்டு. வெகுளி என்றால் கோபம். மருட்கை, வியப்பு. இளிவரல், கூசிப்போவது, அருவருப்பு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களும் உண்டு. அழுகைக்குச் சொல்லும் நான்கில் ஒன்று இழவு, இன்னொன்று வறுமை. இந்த இரண்டுமே 2004 டிசம்பரில் கடலூர்க் கரையில் இருந்தன.

உரையாசிரியர்கள் இன்னும் உள்ளே போகிறார்கள். ஓர் உணர்ச்சியை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் உணர்ச்சியைத் தூண்டும் பொருள். அடுத்து, கண்ணோ காதோ அதை வாங்கிக்கொள்வது. மூன்றாவது, மனதுக்குள் நடப்பது. கடைசியில் கண்ணீர், மயிர்க்கூச்சு, நடுக்கம் என்று உடம்பில் வெளிப்படுவது. இப்போது அந்தக் கடலூர்ப் படத்தைத் திரும்பப் பாருங்கள். ஓரத்தில் தெரியும் அந்தக் கைதான் முதல் படி. மணலில் விரிந்த உடம்பு கடைசிப் படி. நடுவில் உள்ள இரண்டும் படத்தில் இல்லை. பார்க்கிறவர்தான் அவற்றைத் தன் மனதிலிருந்து போட்டு நிரப்புகிறார். தொண்டை அடைப்பது அதனால்தான்.

ஒரு சின்ன இடைச்செருகல். 2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'லைக்' பட்டனோடு லவ், ஹாஹா, வாவ், சேட், ஆங்ரி என்று ஐந்து பட்டன்களைச் சேர்த்தது. உவகை, நகை, மருட்கை, அழுகை, வெகுளி! எட்டில் ஐந்து வந்துவிட்டது. அச்சமும் இளிவரலும் பெருமிதமும் இன்னும் பட்டனாகவில்லை. நம் டைம்லைனில் தினமும் அதிகம் ஓடுவது அந்த மூன்றும்தான் என்பது வேறு விஷயம்.

பாரிஸில் ஒன்பது ரசம்

உணர்ச்சியை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினால் எப்படியிருக்கும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1985-ல் பிரான்ஸில் இந்திய விழா தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக 1986 மார்ச் மாதம் பாரிஸின் கிராண்ட் பாலே அரங்கில் 'ரசா - இந்தியக் கலையின் ஒன்பது முகங்கள்' என்ற கண்காட்சி திறக்கப்பட்டது. ஜூன் வரை நடந்தது. அதே ஆண்டில், 'இந்தியக் கலையின் சாரம்' என்ற பெயரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. மூன்று நாடுகள் சேர்ந்து செய்த வேலை. இதற்கு மூளை, சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.என்.கோஸ்வாமி. ஐ.ஏ.எஸ் பதவியை 1958-ல் உதறிவிட்டு, பழைய ஓவியங்களின் பின்னால் போன மனிதர். பகாடி ஓவியர்களின் குடும்பங்களைக் கண்டுபிடிக்க, ஹரித்வாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பதிவேடுகளைப் புரட்டியவர். 2023 நவம்பரில் காலமானார்.

சாதாரணமாக அருங்காட்சியகத்துக்குப் போனால் என்ன பார்ப்போம்? 'சோழர் காலம், 11-ம் நூற்றாண்டு, வெண்கலம்' என்று ஓர் அட்டை. படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன எல்லோருக்கும் தெரிந்த அலுப்பு அது. கோஸ்வாமி இந்த வரிசையைக் கலைத்துவிட்டார். எந்த அரசர், எந்த நூற்றாண்டு என்பதைப் பின்னுக்குத் தள்ளி, இது சிருங்காரம், இது ஹாஸ்யம், இது கருணை, இது ரௌத்திரம் என்று ஒன்பது பிரிவுகளாக வைத்தார். ஒரே பிரிவில் கற்சிலையும் காகித ஓவியமும் வரலாம். நடுவில் பல நூறு வருட இடைவெளி இருக்கலாம். உணர்ச்சி ஒன்று என்றால் ஒரே இடம்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. அதைக் கண்காட்சி நூலின் தொடக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். இளம் ஆய்வாளராக இருந்தபோது, சில ஓவியங்களின் காலம், பாணி பற்றிச் சந்தேகம் கேட்க, காசியில் பாரத் கலா பவன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய ராய் கிருஷ்ணதாஸைத் தேடிப் போனார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இந்தக் கேள்விகளெல்லாம் உங்களைப் போன்ற சரித்திரக்காரர்களுக்கு, எனக்கு இந்த வயதில் ரசத்தைச் சுவைப்பது மட்டும் போதும் என்ற அர்த்தத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பதில் கோஸ்வாமியை விடவேயில்லை.

ரசம் என்றதும் சாப்பாட்டு ரசம் ஞாபகம் வந்தால் தப்பே இல்லை. நாட்டிய சாஸ்திரமும் சமையலைத்தான் உதாரணம் காட்டுகிறது. பல பண்டங்களும் மசாலாவும் சேர்ந்த சோற்றைச் சாப்பிடுகிறவன் சுவையை அனுபவிக்கிற மாதிரிதான் நாடகம் பார்க்கிறவனும் என்கிறது. அதன்படி சமையல்காரர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், சாப்பிட வருகிறவருக்குப் பசி வேண்டும். கோஸ்வாமி இதற்கு 'உற்சாகம்' என்ற பழைய சொல்லைப் பயன்படுத்தினார். ஒரே சிலையின் முன் இருவர் நின்றால் இருவருக்கும் ஒரே அளவு கிடைக்காது. அவரவர் கொண்டுவரும் உற்சாகத்தைப் பொறுத்தது அது. 'மாடர்ன் ஆர்ட்டா, அய்யோ, நமக்குப் புரியாதுப்பா' என்று வாசலிலேயே திரும்பிவிடுகிறவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. புரிவது இரண்டாவதாக வரட்டும் என்கிறது இந்த வழி.

பாரிஸ் இந்த மாதிரிப் பாடத்துக்கு முற்றிலும் புதிதில்லை. 1913-ல் பிரெஞ்சு சிற்பி ரோதன், சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராஜரின் போட்டோக்களைப் பார்த்து உருகி ஒரு கட்டுரை எழுதினார். சிலையை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1921-ல் அது அச்சானது. கூடவே இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரையும். ஒரு போட்டோ மட்டும் கடல் தாண்டிப் போய் ஒரு மனிதரை இப்படி ஆக்க முடியும் என்பதற்குக் கடலூருக்கு முன்பே சாட்சி அது.

மியூசியத்தில் அழுத கலைஞர்

இன்றைய கலைஞர்களில் உணர்ச்சியையே பாடமாக எடுத்துக்கொண்டவர் என்றால் அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா. 2024-ல் காலமானார். அவருடைய 'தி பேஷன்ஸ்' கண்காட்சி 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் தொடங்கி, லண்டன் போய், பிறகு ஆஸ்திரேலியாவின் கான்பெரா வரை பயணம் செய்தது. அதில் ஒரு படைப்பில் ஐந்து நடிகர்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். அவர்களுக்குள் ஓர் உணர்ச்சி அலை எழுந்து அடங்குகிறது. சுமார் ஒரு நிமிடம் நடந்ததை அதிவேக கேமராவில் பிடித்து, 15 நிமிடத்துக்கு நீட்டிவிட்டார் வயோலா. கண் இமை மூடித் திறப்பதற்குள் ஒரு சின்ன யுகம் போகும். ரீல்ஸ் பார்த்துப் பழகிய விரலுக்கு இது பெரிய சோதனை.

இந்த வேலைக்கு அவரைத் தள்ளிய விஷயங்களில் ஒன்று சொந்தத் துக்கம். அப்பா மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் சிகாகோ அருங்காட்சியகத்துக்குப் போனார். 15-ம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட, அழும் மாதாவின் சின்ன ஓவியம் ஒன்று அங்கே இருந்தது. அதன் முன்னால் நின்றவர் உடைந்து அழுதுவிட்டார். கலையைப் படிப்பது ஒன்று, அதை வைத்து அழுது தீர்ப்பது இன்னொன்று என்று அப்போதுதான் தெரிந்தது என்ற தோரணையில் பிறகு பேசியிருக்கிறார். தன்னைப் பாதித்த எழுத்தாளர்களில் அவர் சொல்லும் பெயர்களில் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். சிகாகோவில் ஒருவர் அழுததிலும் நம் பக்கத்துப் பெரியவரின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

படத்துக்கு உள்ளே இருப்பவர்

இதுவரை எல்லாம் பார்க்கிறவரின் பக்கம். பார்க்கப்படுகிறவர்?

ரசக் கொள்கையில் இதற்கு ஒரு பாதுகாப்பு வளையம் இருந்தது. சோகம் வேறு, கருணை ரசம் வேறு. அப்பா இறந்து அழுவது சோகம். அது சுவை ஆகாது. மேடையில் ஒரு தமயந்தியோ சந்திரமதியோ அழும்போது நமக்கு வருவது ரசம். அது யாருடைய சொந்தத் துக்கமும் இல்லை, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் இருந்த அபிநவகுப்தர் இதை அழுத்தி அழுத்திச் சொல்கிறார். அம்பு பட்டு விழுந்த கிரௌஞ்சப் பறவைக்காக வால்மீகி பாடியதைக்கூட, முனிவரின் சொந்த அழுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார்.

கேமரா இந்த வளையத்தை அறுத்துவிட்டது. கோபுரத்தில் ஆடும் பெண் யார் என்று கேட்க முடியாது, அவள் கல். வயோலாவின் ஐந்து பேரும் நடிகர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு அழுதவர்கள். கடலூர் மணலில் கிடந்தவர் நடிக்கவில்லை. அவருக்கு அது சோகம், ஆம்ஸ்டர்டாமில் நின்றவருக்கு அது ரசம். ஒரே கணம், ஒரே படம்.

இதில் போட்டோகிராபரைக் குற்றம் சொல்வது சுலபம். நியாயம் இல்லை. அந்தப் படம் இல்லாவிட்டால், தமிழ்நாட்டுக் கரையின் துக்கம் உலகத்துக்கு ஓர் எண்ணிக்கையாக மட்டும் போயிருக்கும். எண்ணிக்கை யாரையும் தொண்டை அடைக்கச் செய்யாது. இறந்தவரின் முகத்தைக் காட்டாமல் ஓரத்தில் ஒரு கையோடு நிறுத்தியதும் ஒரு மரியாதைதான்.

ஆனால் படம் எடுத்தபின் என்ன நடக்கும் என்பது எடுத்தவர் கையில் இல்லை. ஆர்கோ தத்தாவே இதை வேறு ஒரு படத்தில் பார்த்தவர். 2002 குஜராத் கலவரத்தில், கண்ணீரோடு கைகூப்பி உயிர்ப்பிச்சை கேட்ட தையல்காரரின் படம் நினைவிருக்கிறதா? அதுவும் இவர் எடுத்ததுதான். அந்த முகம் போஸ்டராகவும் அரசியல் விளம்பரமாகவும் நாடு முழுக்கப் பரவியது. போகிற இடமெல்லாம் அடையாளம் தெரிந்ததால் அவர் வேலையை இழந்தார், ஊர் மாற வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து, 2012-ல், இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டார்கள்.

வேறு நாடுகளிலும் இதே கதை. 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' என்ற கண்காட்சியைத் தொடங்கியது. 68 நாடுகளிலிருந்து 503 போட்டோக்கள். பிறப்பு, காதல், வேலை, சாவு என்று மனித உணர்ச்சிதான் கரு. இந்திய நகரங்களுக்கும் வந்தது. உலகம் முழுக்கச் சுமார் 90 லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அதில் இருந்த புகழ்பெற்ற படங்களில் ஒன்று, 1936-ல் டொரோதியா லாங்கே எடுத்த, குழந்தைகளோடு கவலையில் உறைந்திருக்கும் அகதித் தாய். படம் தபால்தலை வரை போனது. அந்தத் தாய் 1970-களின் கடைசியில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதனால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

அல்ஜீரியாவில் 1997-ல் நடந்த படுகொலைக்குப் பிறகு மருத்துவமனை வாசலில் சுவரில் சாய்ந்து கதறிய ஒரு பெண்ணின் படமும் இதே 'ஆண்டின் படம்' பரிசை வாங்கியது. எட்டுக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் இழந்தது தன் சகோதரனையும் அவர் குடும்பத்தையும். பிறகு அந்தப் பெண்ணே வழக்குப் போட்டார். இதற்கிடையில் பிரெஞ்சுக் கலைஞர் பாஸ்கல் கோன்வேர், அந்தப் போட்டோவை மெழுகில் பெரிய சிற்பமாகவே செய்துவிட்டார். செய்தி படமாகி, படம் சிற்பமாகி, ஒவ்வொரு படியிலும் பெண் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோகிறார். அழுகை மட்டும் நிற்கிறது.

கடலூர்ப் பெண்ணின் பெயர் இங்கே வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

முகம் காட்டாத பொம்மை

துக்கம் ஊர் சுற்ற வேறு வழியும் இருக்கிறது. அதுவும் இதே கரையில் பிறந்ததுதான்.

2005-ல் ஆரோவில்லில் உள்ள 'உபாசனா' என்ற துணி வடிவமைப்பு நிறுவனம், சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. கடலைப் பார்க்கவே பயந்து, வீட்டுக்குள் முடங்கியிருந்த பெண்கள். தையல் வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணிகளில், விரலளவு பொம்மை செய்யச் சொன்னார்கள். அந்தப் பொம்மைக்குப் பெயர் 'சுனாமிகா'. உபாசனாவைத் தொடங்கிய உமா பிரஜாபதியின் யோசனை இது. முதலில் இது விற்பதற்கான சரக்கே இல்லை, மனசை நிலைப்படுத்த ஒரு கைவேலை. பிறகு விலை போடாமல் அன்பளிப்பாகக் கொடுப்பது என்று முடிவானது. விருப்பப்பட்டவர்கள் நன்கொடை தரலாம். லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, வெளிநாட்டுக்காரர்களின் பையிலும் கீ-செயினிலும் தொற்றிக்கொண்டு பல பத்து நாடுகளுக்குப் போய்விட்டது சுனாமிகா.

எந்த அருங்காட்சியகமும் இதற்கு லைட் போடவில்லை. கலை விமர்சகர்கள் இதைக் கலை என்று ஒப்புக்கொள்வார்களா என்பதும் சந்தேகம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இதில் துக்கப்பட்டவரின் முகம் எங்கும் போகவில்லை. அவர் செய்தது போனது. எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்தது அவருடைய கை. போட்டோ எடுக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

அதற்காக ஆர்கோ தத்தாவின் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொம்மையை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. பொம்மையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. படத்தைப் பார்த்தால்தான் 2004 ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒரே கரையிலிருந்து போன இரண்டு கடிதங்கள்.

2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, கூகுளில் ஒரு படம். தேடினால் முதலில் வருபவற்றில் இந்தப் படமும் ஒன்று. அது கடலூர் என்று தெரியாமலேயே ஸ்க்ரோல் செய்து கடந்து போகிறவர்கள் கடலூரிலேயே இருக்கலாம்.

ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதி காலையிலும் தேவனாம்பட்டினம் கரையில் கூட்டம் கூடுகிறது. குடங்களில் பால் எடுத்து வருகிறார்கள். பாலைக் கடலில் ஊற்றி, பூவைத் தூவி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பெண்கள் மணலில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். சுற்றிலும் டி.வி கேமராக்கள், யூடியூப் சேனல்களின் மைக்குகள், ஸ்டேட்டஸ் வைக்க நீளும் செல்போன்கள். அலை வந்து பாலை இழுத்துக்கொண்டு போன பிறகும், சில போன்கள் இறங்காமல் அப்படியே நிற்கின்றன.